பதினோராவது படம்

பதினெட்டுப் படங்கள் இருக்க வேண்டும். மங்களம் மூன்றாவது முறையாக எண்ணினாள். பதினேழுதான்.

"என்ன புள்ள, பி.ஏ. படிச்சதுக்குப் பதினெட்டு வரைக்கும் எண்ண இவ்வளவு நேரமா?" என்றார் ஹனீபா பாய்.

பிராஸ் பாசா சாலையில் அவருடைய பழைய புத்தகக் கடை. வருகிற புத்தகங்களுக்கு மதிப்புப் போடுவது மங்களத்தின் வேலை. பட்டம் வாங்கி எட்டு மாதம். அதற்குக் கிடைத்த நாற்காலி இதுதான்.

எதிரே, புத்தகத்தை விற்க வந்த வெள்ளைக்காரத் துரைசாணி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த வாரம் கப்பலேறுகிறாள்.

அறுபது வருடம் பழசான குழந்தைகள் புத்தகம். தங்க விளிம்பு மங்கவில்லை. தையல் விடவில்லை. படங்கள் முழுசாக இருந்தால் நூற்றைம்பது வெள்ளி பெறும். ஒன்று குறைந்தாலும் எட்டு வெள்ளிக்கு மேல் தேறாது.

எது குறைகிறது என்று மங்களம் பட்டியலைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. பதினோராவது. கிளியின் முதுகில் ஏறிப் பறக்கும் சிறுமி.

இந்தத் துரைசாணியின் டங்ளின் பங்களாவில் அம்மா ஆயாவாக இருந்தபோது அந்தப் படத்தைத்தான் மங்களம் கதவோரம் நின்று எட்டி எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் அது காணாமல் போயிற்று. அன்றே அம்மாவின் வேலையும் போயிற்று. அப்புறம் எந்தத் துரை வீட்டிலும் அம்மாவைச் சேர்க்கவில்லை. ஊரார் துணியை வெளுத்துத்தான் மகளைப் படிக்கவைத்தாள்.

துரைசாணிக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. ஆயா பெற்ற பிள்ளையின் முகத்தை எவள் ஞாபகம் வைத்திருப்பாள்?

படம் குறைவதை அவளே சொன்னாள். ஆயாவின் பெண் கிழித்துக்கொண்டு போய்விட்டாளாம். அந்த மாதிரி ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சிரிப்பு வேறு.

மங்களம் பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டாவது படத்தைப் புரட்டினாள்.

விரலில் தாள் தடித்தது. ஓரமெல்லாம் பழுப்பாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

படத்தில் தூங்கும் ராஜாவின் வயிற்றுக்குள் ஒரு கிளி பறந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் ஒரு சிறுமி.

இரண்டு தாளும் ஒட்டிக்கிடந்தன. ஆவி காட்டினால் அரை மணியில் பிரிந்துவிடும். படம் ஒருநாளும் புத்தகத்தை விட்டுப் போகவில்லை. வீட்டுச் சின்னத்துரை ரொட்டியோடு சிந்திய ஜாம், அவ்வளவுதான்.

வாயைத் திறந்தால் போதும். துரைசாணியின் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும்.

ஆனால் புத்தகம் முழுசு என்றாகிவிடும். அடடா, பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நூற்றைம்பது வெள்ளியை வாங்கிக்கொண்டு அவள் கப்பலேறுவாள். புத்தகம் இன்னொரு பங்களா அலமாரிக்குப் போகும். அம்மா அதைக் கண்ணால் பார்க்கமாட்டாள்.

அம்மா பார்த்தாக வேண்டும்.

பட்டமளிப்பு நாளன்றுகூட, மகள் போட்டிருந்த இரவல் அங்கியைத் தொட்டு, "மறக்காம திருப்பிக் குடுத்துடு" என்று மூன்று தரம் சொன்ன அம்மா.

மங்களம் சீட்டில் எழுதினாள்: ஒரு படம் இல்லை. எட்டு வெள்ளி.

துரைசாணி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

"இந்த மூளிப் புஸ்தகத்தை யாரு தலையில கட்டுறது?" என்று பாய் முனகினார்.

"என் தலையிலயே கட்டுங்க பாய். சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

பழைய செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

ஒன்பது வயதில், அந்தப் பங்களாவின் சமையற்கட்டில், "எடுத்தேன்னு சொல்லிடுடி, மன்னிச்சிடுவாங்க, வேலை போகாது" என்று அம்மா கெஞ்சினாள். மங்களம் சொன்னாள். வேலை போயிற்று. சொன்னதை அம்மாவும் நம்பிவிட்டாள், இன்றுவரை.

அன்று ஒப்புக்கொண்ட திருட்டை மங்களம் இருபத்துமூன்று வயதில்தான் செய்தாள்.