மருதாயி எந்தக் கூட்டம்?

இந்த வாரமும் மருதாயிக்கு நம்பர் மாறிவிட்டது.

போடிமெட்டுக்கு மேலே இருந்த அந்த ஏலக்காய்த் தோட்டத்தில், திங்கட்கிழமை விடிந்ததும் கணக்கப்பிள்ளை தானியேல் பதிவேட்டைத் திறந்து பேர் வாசிப்பார். பேருக்கு நேரே கூட்டத்தின் நம்பர். சிலமலை ஆட்கள் ஒன்று, பொட்டிபுரத்து ஆட்கள் இரண்டு, மற்ற ஊர்க்காரர்கள் மூன்று. ஒரே நம்பர்க்காரர்கள் ஒரே சரிவில் காய் எடுப்பார்கள்.

எல்லாருக்கும் வருஷம் பூராவும் ஒரே நம்பர்தான். மருதாயிக்கு மட்டும் வாரத்துக்கு ஒன்று.

இரண்டாம் கூட்டத்து ஜக்கம்மாளுக்கு அதைக் கேட்கக் கேட்க ஆத்திரமாக வந்தது.

மருதாயியின் புருஷன் பேச்சிமுத்து போன மழையில் மலைக்காய்ச்சல் கண்டு செத்துப்போனான். அதிலிருந்து அவள் பாதி நேரம் இந்த உலகத்திலேயே இல்லை. செடிக்கடியில் குத்தவைத்து, ஏலக்காய்ச் சரத்தில் கை வைப்பாள். பனி வந்து மூடும். விலகும்போது பார்த்தால் வைத்த கை வைத்தபடியே இருக்கும். கண் மட்டும் பனி போகிற திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். யாரோ கூப்பிட்ட மாதிரி லேசாகச் சிரிப்பாள்.

கூடை எப்படி நிறையும்?

அவள் தங்கள் கூட்டத்துக்கு வருகிற வாரமெல்லாம், பனி மூடுகிற நேரம் பார்த்து ஜக்கம்மாள் தன் கூடையிலிருந்து அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவாள். அப்புறம் தன் கூடையை நிரப்ப, எல்லாரும் இறங்கின பிறகும் சரிவில் தனியாக நிற்பாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலை வாங்குகிற கங்காணி காதுக்குப் போனால் மருதாயியை மலையை விட்டே இறக்கிவிடுவான். கீழே அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

அப்படிப்பட்டவளைத் தங்களோடு வைத்துக்கொள்ள மற்ற கூட்டத்தார் முகம் சுளித்திருக்க வேண்டும். கணக்கப்பிள்ளையும் அவர்கள் பேச்சைக் கேட்டு ஆடுகிறார் என்று ஜக்கம்மாளுக்குத் தோன்றியது.

மத்தியானம் எடைக் கொட்டகையில் தானியேல் தனியாக இருந்தார். ஜக்கம்மாள் நேரே போய் நின்றாள்.

"மருதாயி என்ன பந்துங்களாய்யா? இந்தக் கூட்டம் ஒரு எத்து, அந்தக் கூட்டம் ஒரு எத்து."

தானியேல் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கும் வேணாம்னா எங்க ரெண்டாம் நம்பர்லயே போட்டுருங்க. கொறையிற காய நான் போட்டு நெரப்பிக்கிறேன். கங்காணிக்கு மட்டும் தெரிய வேணாம்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே கொஞ்சம் பயம் வந்தது. வாசலில் பனி ஏறி வந்து, கொட்டகையையும் சாக்குகளையும் மெல்ல மூடியது. ஏலக்காய் வாசனை மட்டும் மிஞ்சியது.

தானியேல் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். ஜக்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும். எல்லார் வரியிலும் நம்பர் மையில் இருந்தது. ஒரே ஒரு வரியில் பென்சில். அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே நைந்து போயிருந்தது.

"ஒண்ணாம் கூட்டத்துத் திருப்பதி ஒனக்கு முந்தியே வந்து இதைத்தான் கேட்டான். மூணாம் கூட்டத்து வீரலட்சுமியும் கேட்டுட்டுப் போயிருக்கு. கொறையிறத நாங்க போட்டுக்கிறோம், கங்காணிகிட்ட மட்டும் சொல்லிராதீகன்னு."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"மூணு கூட்டமும் எனக்கு உனக்குன்னு வந்து நின்னா, நான் யாருக்கு ஆத்தா இல்லேங்கறது? அதான் வாரத்துக்கு ஒரு கூட்டமா அனுப்பி வைக்கிறேன்."