மூன்றாம் அழைப்பு

கோர்ட் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது சேவகரின் வேலை. அவர் குரல் கொடுத்தால் தெருக்கோடி வரை கேட்கும். ஆனால் ஜீவனாம்சம் கேட்டு வந்திருக்கும் பெண்ணின் பெயரை மட்டும் மூன்று முறையும் தொண்டைக்குள்ளேயே சொல்லி முடிக்கிறார். "பொம்பளை கோர்ட்டுக்கு வர்றது நம்ம வேதத்துக்கு ஒப்பாது. நாங்க பேசித் தீத்துக்கறோம், நீ மெதுவாக் கூப்பிடுப்பா" என்று காலையில் மதப் பெரியவர் தோளில் போட்ட கை இன்னும் கனக்கிறது. வராந்தாக் கடைசியில், குழந்தையின் முகத்தில் வெயில் விழாமல் முந்தானையால் மறைத்து, அவள் அதைத் தட்டித் தூங்கவைக்கிறாள். உள்ளே நீதிபதி, "மனுதாரர் வரலையா? தள்ளுபடி" என்று அடுத்த வழக்குக் கட்டை எடுக்கிறார். சேவகர் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்; பழக்கதோஷம், குரல் கணீரென்று கிளம்பிவிடுகிறது. குழந்தை திடுக்கிட்டு வீரிடுகிறது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். "பரவாயில்லண்ணே, என்னையும் இப்படியே சத்தமாக் கூப்பிடுங்க. இவன் அழுதா எனக்கு ஒண்ணும் காதுல விழாது."