சத்தம் நின்ற காலை

"அப்பாடா! நின்னு தொலைஞ்சுதுடா சாமி!"

பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வந்த கத்தலில், ஏணியோடு சந்துக்குள் நுழைந்த ஏ.சி. மெக்கானிக் கோகுல்ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வீட்டுக்காரர் பூபதி அப்போதுதான் எழுந்து ஏ.சி.யை நிறுத்தியிருந்தார். வெளிச்சுவரில் இருந்த அவுட்டோர் யூனிட் கடகடவென்று ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ஓய்ந்தது. ஓய்ந்த மறு நொடி இந்தக் கத்தல்.

"யாருங்கய்யா அது?"

"எங்க அண்ணன் அர்த்தநாரி. தெனமும் இதேதான். மிஷின் நின்னவுடனே ஊருக்கே கேக்கற மாதிரி ஒரு கத்து கத்துவாரு."

போர்வெல் போடும் ரிக் வண்டியைப் பாகம் பிரிக்கும்போது வந்த சண்டையாம். ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிப்பதில்லை, முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியமே செய்துவிட்டார்கள். பிறகு இரண்டு பேரின் மனைவிமாரும் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது இந்த வீட்டில் ஒரு கிழவர், அந்த வீட்டில் ஒரு கிழவர். நடுவில் ஒரு சந்து. எழுபதை எட்டியும் வீம்பு மட்டும் இளமையாகவே இருந்தது.

கோயமுத்தூரிலிருந்து பூபதியின் மகள் பிரவீனாதான் கோகுல்ராஜுக்குப் போன் செய்திருந்தாள். "பெரியப்பா தெனமும் எங்கப்பாவைப் பாத்துத் தெருவே சிரிக்க வெக்கறாருங்க. மொதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்துங்க."

பூபதிக்கு அதில் அவ்வளவு இஷ்டம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"ஓடற வரைக்கும் ஓடட்டுமே சாமி. குளுரு நல்லாத்தான வருது?"

"புள்ளை கண்டிப்பாச் சொல்லியிருக்காங்கய்யா."

மேல் மூடியில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம். இன்னொன்று லூஸ். அந்தத் தகரம் ஆடிய ஆட்டம்தான் அத்தனை சத்தமும். கோகுல்ராஜ் புது ஸ்க்ரூ போட்டு முடுக்கினான். ஸ்டாண்டுக்கு ரப்பர் வைத்தான். தண்ணீர் அடித்துக் கழுவினான். ஓடவிட்டால், ஓடுகிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியாகத் தன் போன் நம்பர் போட்ட ஸ்டிக்கரை அதன் நெற்றியில் ஒட்டினான்.

எதிர் ஜன்னலில் அர்த்தநாரி முறைத்துக்கொண்டு நின்றார்.

'இனிமே கத்துங்க பார்ப்போம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஏணியை மடக்கினான்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"ஸ்டிக்கர் ஒட்டுன பையன்தான? நான் அர்த்தநாரி. தெருமுனை பேக்கரிக்கு உடனே வா. என் தம்பிக்குத் தெரியக் கூடாது."

வம்புக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தபடியே கோகுல்ராஜ் போனான்.

"என்ன பண்ணித் தொலைச்சே அந்த மிஷினை?"

"ரிப்பேர் பண்ணினேனுங்க. உங்களுக்குத்தான் அந்தச் சத்தமே ஆகாதே?"

"ஆகாதுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

பெரியவர் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"போன ஆடியில அவனுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில கெடந்தான். சத்தியம் பண்ணித் தொலைச்ச பாவி, என்னால போயி ஒரு வார்த்தை கேக்க முடியல. அதுலருந்து அந்தக் கடகடதான் எனக்குத் துணை. ராத்திரியெல்லாம் நின்னு நின்னு ஓடும். விடிஞ்சு அவன் எந்திரிச்சு நிறுத்துனாத்தான் ஒரேயடியா நிக்கும். அப்பத்தான் எனக்கும் உசுரு வரும்."

"அப்பறம் எதுக்குங்க 'தொலைஞ்சுது'ன்னு கத்தறீங்க?"

"பின்னே? என் தம்பி நல்லபடியா எந்திரிச்சுட்டான்னு தெருவுல கத்த முடியுமா? மானம் போயிராது?"

கோகுல்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்குக் காது மந்தம் சாமி. இன்னைக்கு ஓடுனதும் கேக்கல, நின்னதும் கேக்கல. அவன் பால் பாக்கெட் எடுக்க வெளிய வர்ற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் புடிச்சுட்டே நின்னேன். அவன் தலை தெரிஞ்சதும் மறைஞ்சுக்கிட்டேன். பழையபடி சத்தம் வர வெச்சுரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத."

போட்ட ஸ்க்ரூவைத் தானே கழற்றுவதற்கு என்ன பொய் சொல்வது? பெரியவரைப் பேக்கரியிலேயே விட்டுவிட்டு வந்தவனுக்குத் தெரு முழுக்க யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

பூபதி கேட்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"வா சாமி! உனக்குத்தான் போன் போடலாம்னு இருந்தேன். நேத்துப் போட்ட ஸ்க்ரூவைக் கழட்டி உட்டுரு."

"ஏனுங்கய்யா?"

பூபதியின் கண்கள் எதிர் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"மிஷின் நின்னா அண்ணன் கத்துவாரு. அவரு கத்துனாத்தான் எந்திரிச்சுட்டாருன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு இன்னும் கத்தவே இல்ல சாமி. ஜன்னல்லயும் ஆளைக் காணோம். நீ ஒரு எட்டு உள்ள போயி, நல்லா இருக்காரான்னு பாத்துட்டு வந்து சொல்றியா?"