குறிப்புக்குக் கீழே ஒரு பெயர்

"இது பொய், பிள்ளை."

சற்குணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, திரையைத் தொட்டுக் காட்டினார்.

காமாரியா நிமிரவில்லை. "புரோகிராம் ஒழுங்கா ஓடுதுல்லண்ணே?"

"ஓடுது. குறிப்புத்தான் பொய்."

தொண்ணூற்றொன்றாம் வருடம் அது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் மாடியில் கம்ப்யூட்டருக்கான இயக்க மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கோப்புகளைத் திறப்பது, சேமிப்பது, அழிப்பது எல்லாம் காமாரியாவின் பகுதி. ஒவ்வொரு கட்டளைத் தொகுதிக்கும் மேலே, அது என்ன செய்கிறது என்று ஒரு விளக்கக் குறிப்பு, அதாவது கமெண்ட், இருக்கவேண்டும். குறிப்புக்குக் கீழே எழுதியவர் பெயர். கட்டளையும் குறிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது சற்குணத்தின் வேலை.

யாரோ எழுதிவைத்த தப்புக் குறிப்பை நம்பி ஒரு தீபாவளி விடுமுறையையே தொலைத்தவர் அவர். அன்றிலிருந்து ஒரு சொல் பிசகினாலும் விடமாட்டார். 'கமெண்ட் போலீஸ்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"'அழிக்கச் சொன்னதும் கோப்பு உடனே அழிக்கப்படும்' எண்டு எழுதியிருக்கு. அப்படியோ நடக்குது? கோப்பைத் தூக்கி ஒரு மறைவான இடத்தில வைக்குது. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் அழிக்குது."

"கம்ப்யூட்டர் கமெண்டைப் படிக்காதுண்ணே."

"மனுசர் படிக்கிறதுக்குத்தானே எழுதுறது?"

"படிக்கிறவங்களுக்குத்தாண்ணே அதையும் எழுதியிருக்கு."

எவ்வளவு வாய் என்று சற்குணத்துக்குச் சலித்தது. "குறிப்பை மாத்து. இல்லாட்டி கட்டளையை மாத்து. கீழே பேர்கூடப் போடேல்லை."

"ரெண்டையும் மாத்த முடியாதுண்ணே. பேர் அப்புறம் போட்டுக்கலாம்லா."

மூன்று வாரமாக இதே பேச்சு. அவருக்குப் பொறுமை போயிற்று.

"அப்ப நான் நூர் முகம்மதுவிட்டச் சொல்லத்தான் வேணும்."

நூர் முகம்மது மேலாளர். கோப்பு உடனே அழியவேண்டும், டிஸ்க்கில் இடம் வீணாகக் கூடாது. தேவையான கோப்பை அழித்தவருக்கு வேலை கிடையாது. சிங்கப்பூர்த் தலைமையகம் அனுப்பிய இந்த இரண்டு உத்தரவுகளையும் வந்த அன்றே சுவரில் ஒட்டியவர் அவர்தான்.

"சொல்லுங்கண்ணே. அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்க வேணாம்னும் சேர்த்துச் சொல்லிடுங்க."

அது அவருக்குத் தெரியும். மதியம் சோறு இறங்காததற்கும் அதுதான் காரணம்.

மூன்று மணிக்குக் கீழ்த்தளத்தில் பெரிய சத்தம். சற்குணம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

கீழே தட்டச்சுப் பெண்களுக்கும் இதே மென்பொருள்தான். ரொஸ்னா என்ற பெண், அன்று கப்பலேற வேண்டிய சரக்கு விவரம் முழுவதையும் பழைய கோப்பு என்று நினைத்து அழித்துவிட்டாள்.

"கண்ணை எங்க வச்சிருந்தே?" நூர் முகம்மதுவின் குரல் கூரையில் முட்டியது. "தனலெட்சுமிக்கு இப்படி அழிச்சுத்தானே வேலை போச்சு? போன மாசம் நடந்தது, அதுக்குள்ள மறந்துட்டியா?"

ரொஸ்னா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாராச்சும் போய்க் காமாரியாவைக் கூப்பிடுங்கலா!"

காமாரியா வந்தாள். "தள்ளிக்க ரொஸ்னா" என்று நின்றபடியே ஏதோ தட்டினாள். சரக்கு விவரம் ஒரு வரி குறையாமல் திரைக்கு வந்தது. அது எந்த மறைவிடத்திலிருந்து வந்தது என்பது படியில் நின்ற சற்குணத்துக்குத் தெரிந்தது.

"அழிச்சிட்டேன்னு அழுதாளே?" என்றார் நூர் முகம்மது.

"அழியலை சார். தப்பான இடத்துல தேடியிருக்கா."

"அப்ப மேலிடத்துக்கு எழுதிப்போட ஒண்ணுமில்லை. வேலையைப் பாருங்க."

சற்குணம் மெல்ல மாடியேறினார். இந்த மனுசனை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா? காமாரியா மேலாளர் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு பெண்ணின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டாள். இப்போது சற்குணம் வாயைத் திறந்தால் காமாரியாவுக்கு வேலை போகும். நாளைக்கு இன்னொரு ரொஸ்னாவுக்கும் போகும். திறக்காவிட்டால், பொய்க்குக் கீழே அவருடைய கையெழுத்து.

ஐந்து மணிக்கு நூர் முகம்மது தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"வாங்கண்ணே, உட்காருங்க. அந்த அழிக்கிற பகுதியைப் பார்த்தாச்சா? திங்கட்கிழமை சிங்கப்பூர்க்காரங்க வர்றாங்க. கமெண்டை வரிவரியாப் படிப்பாங்க. கட்டளையைத் திறந்துகூடப் பார்க்கமாட்டாங்க."

"பார்த்திட்டன்."

"குறிப்பு சரியா இருக்கா?"

சற்குணம் சுவரில் ஒட்டியிருந்த உத்தரவுகளைப் பார்த்தார்.

"சரி. எழுதினவர் பேர்தான் இல்லை. காமாரியா பேரைப் போட்டுவிடுறன்."

"வேணாம்ணே."

நூர் முகம்மது எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மூன்று மணிக்குக் கத்திய குரல் இப்போது கம்மியிருந்தது.

"நாளைக்குப் பிடிபட்டா, தனலெட்சுமி மாதிரி அவளுக்கும் வேலை போயிரும். என் பேரைப் போடுங்கண்ணே. அந்தப் பொய்யை எழுதினது நான்தான்."