ஊதா வரக்கூடாது

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் வெலவெலத்துப்போயிருக்க, மூன்றாவது ஆளான மச்சினன் மட்டும் டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா என்று பெண் காவலரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்ள, உனக்குச் சூடு சொரணை ஏதாவது இருக்கா?" பல்லைக் கடித்தார் புருஷன்காரரான மெக்கானிக். கையிலிருந்த கிரீஸைக்கூடக் கழுவவிடாமல் ஷெட்டிலிருந்து அப்படியே அவரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகாது மாமா. சும்மா டென்ஷன் ஆகாதீங்க."

சொல்வான், ஏன் சொல்லமாட்டான்! அக்கா மகளின் வலிப்புக்கு என்று, லாரியோடு எல்லையிலிருக்கும் ஆற்றுப் பாலம் தாண்டிப் போய் அந்தக் கஞ்சா எண்ணெயை வாங்கி வந்ததே இவன்தான். கல்யாணம் ஆகாத பையன், வாழ்க்கை வீணாகிவிடக் கூடாதே என்று மெக்கானிக் 'நான்தான் வாங்கினேன்' என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதற்கு ஒரு பேச்சுக்காவது மறுத்தானா? ம்ஹூம்.

இன்ஸ்பெக்டரின் மேசை மேல் அந்தச் சின்னப் புட்டி நின்றது. லேபிளில் பச்சையாக ஓர் இலை. மத்தியானம் நாக்கில் நாலு சொட்டு விடச் சொல்லி, பிள்ளையிடம் அம்மா கொடுத்தனுப்பியது. டீச்சர் இலையைப் பார்த்தார், போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்.

"அந்தப் பக்கம் மருந்துக்கடையிலயே விக்கிறாங்க சார்," என்றாள் அம்மா.

"அந்தப் பக்கம் விக்கலாம்மா. இந்தப் பக்கம் ஒரு சொட்டு வச்சிருந்தாலும் கேஸ்தான். சட்டத்தை நானா எழுதினேன்?"

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் மனசுக்குள் நாலு திட்டாவது திட்டலாம், அதற்கும் வழியில்லை.

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டோம் சார். 'இதைப் பத்தி நான் வாயைத் திறந்தா என் வேலை போயிடும், வேற டாக்டரைப் பாருங்க'ன்னு சொல்லிட்டாரு."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் பிள்ளையை நீங்க பார்க்கணும் சார். அந்த வலிப்பு மாத்திரையைப் போட்டுப் போட்டு, நாள் பூரா சுருண்டு கிடந்தா. சாப்பிடும்போதே தலை தட்டுல விழும். இப்பதான் சார் முழிச்சு உட்கார்ந்து என்கிட்ட வாயாடுறா. அது பொறுக்கலையா உங்களுக்கெல்லாம்?"

இன்ஸ்பெக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை எடுத்தார்.

"இதுல ஊத்தினா தெரிஞ்சிடும். ஊதாவா மாறினா கஞ்சா. உங்களை உள்ள வைக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. மாறலைன்னா வீட்டுக்குப் போகலாம்."

பெண் காவலர் பைக்குள் நாலு சொட்டு விட்டார். உள்ளே இருந்த மருந்துக் குழாயை நசுக்கி உடைத்து, நன்றாகக் குலுக்கினார்.

மெக்கானிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். உள்ளே போய்விட்டால் ஷெட்டை யார் திறப்பது? நடுவில் பிள்ளைக்கு இழுத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? ஊதா வரக்கூடாது, ஊதா வரக்கூடாது என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டார். பக்கத்தில் மச்சினன் உறிஞ்சி உறிஞ்சி டீ குடிக்கிற சத்தம் கேட்டது. அறையலாம் போல இருந்தது.

பை நிறம் மாறவில்லை.

இன்னொரு பையில் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் மாறவில்லை. இன்ஸ்பெக்டர் புட்டியை மோந்து பார்த்தார், விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னய்யா இது, வெறும் சமையல் எண்ணெயா இருக்கு! காசைக் குடுத்து நல்லா ஏமாந்திருக்கீங்க. போங்க, போய்ப் பிள்ளையைப் பாருங்க." அவர் குரலிலும் ஒரு நிம்மதி இருந்தது.

மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலைத் தாண்டியதும் மச்சினனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நாம ஏமாறலை மாமா. அன்னைக்கு இதை வாங்கிட்டு வர்ற வழியில பாலத்துல மோப்ப நாயோட நின்னுட்டிருந்தாங்க. எனக்கு முன்னாடி போன லாரிக்காரனை இறக்கி விலங்கு மாட்டுறாங்க. எனக்கு உசிரே இல்ல! வண்டியை ஓரங்கட்டி, புட்டியை ஆத்துல கவுத்து, நல்லாக் கழுவிட்டேன். லாரியில சமையலுக்கு வச்சிருந்த எண்ணெயை ஊத்திக் கொண்டாந்து குடுத்துட்டேன். இல்லைன்னா அக்கா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா."

"அடப்பாவி! அதான் உள்ள ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தியா?" மெக்கானிக் அவனை அப்படியே கட்டிக்கொண்டார். கிரீஸெல்லாம் அவன் சட்டையில். "என் குடும்பத்தையே காப்பாத்திட்டடா மாப்ள!"

"நாளைக்கு நிஜ மருந்தைப் பத்திரமா கொண்டாரேன் மாமா. அதுவரைக்கும் மாத்திரைதான் ஓடிக்கிட்டிருக்கே, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

இருவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூட வரவில்லை. ஸ்டேஷன் கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"எல்லாத்தையுமாடா கொட்டின?"

"ஒரு சொட்டு விடலைக்கா. ஏன்?"

"மாத்திரையை நான் போன வாரமே நிறுத்திட்டேன்டா."