முப்பதுக்குப் பூஜ்யம்

இருந்தவர்கள்: மேலாளர் சாம்ராஜ், எதற்கும் தலையாட்டுகிற அவருடைய உதவியாளர், திங்கட்கிழமையிலிருந்து உள்ளே மீன் பெட்டி அடுக்கப்போகிற பிரகாசி, பாதுகாப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட வந்திருந்த அவள்.

எதிரே குளிரறை.

வெளியே பூட்டியிருந்தாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் கைப்பிடியை அழுத்தினால் கதவு திறக்க வேண்டும். திறக்காவிட்டால் உள்ளே இருப்பவரும் மீனும் ஒன்று.

"முப்பது தடவ பாத்தாச்சு மேடம். ஒரு தடவகூட மக்கர் பண்ணல. பூஜ்யம்."

கல்யாணப் பத்திரிகை நீட்டுவது போல அந்தச் சொல்லை நீட்டினார் சாம்ராஜ். உதவியாளர் தலையாட்டினார்.

இந்த வகை ஆட்களை அவளுக்குத் தெரியும். கண்ணில் படாததை இல்லை என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவர்கள்.

"ஒண்ணுகூடத் தப்பலன்னா, மூணைப் பாத்த தடவையால வகுக்கணும்; அதுதான் தப்ப வாய்ப்புள்ள மேல்வரம்பு. மூணை முப்பதால வகுங்க."

வகுத்தார். விழித்தார்.

பத்தில் ஒன்று.

பத்துக்கு ஒருமுறை சிக்குகிற கைப்பிடிகூட, அதிர்ஷ்டம் இருந்தால், முப்பது முறையும் நல்ல பிள்ளையாகத் திறந்து காட்டிவிடும். அதைவிட மோசமாக இருக்காது என்று வேண்டுமானால் சொல்லலாம். முப்பது முறை பார்த்தவனுக்கு அவ்வளவு சொல்லத்தான் யோக்கியதை.

"முந்நூறு தடவ பாத்துட்டுக் கூப்பிடுங்க. அப்பவும் மக்கர் பண்ணலன்னா, நூத்துக்கு ஒண்ணுக்கு மேல போகாதுன்னு எழுதித் தரேன். பூஜ்யம்னு அப்பவும் எழுத மாட்டேன்."

"பூஜ்யத்துல என்ன மேடம், பெரிய பூஜ்யம், சின்னப் பூஜ்யம்?"

சாம்ராஜ் சிரித்தார். சிரிக்கலாம் என்று தெரிந்ததும் உதவியாளரும் சிரித்தார்.

"ஏட்டி பிரகாசி, உள்ள போய் மேடத்துக்குக் காட்டு."

பிரகாசி நகரவில்லை.

"சாரே போலாம்லா. உள்ள நல்ல ஏசி."

இந்த முறை உதவியாளர் கேட்காமலே சிரித்துவிட்டார். பிறகு அவசரமாக இருமினார்.

சாம்ராஜின் முகம் கறுத்தது. மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். கதவை இழுத்தார்.

வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து அவர் செருப்பை நக்கியது.

ஒரு காலை உள்ளே வைத்தவர் திரும்பி, கதவுச் சாவியை அவளிடம் கொடுத்தார்.

"சாவிய மட்டும் கையிலயே வச்சுக்கோங்க மேடம்."

"எதுக்கு?"



உதவியாளர் தரையைப் பார்த்தார்.

சாம்ராஜ் உள்ளே போனார்.

அவள் சாவியைப் பிரகாசியிடம் நீட்டினாள்.

பிரகாசி கதவைச் சாத்தினாள். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.