வாயை மூடாத வால்வு

முழங்கால் உயரம்தான் என்றாலும் அது நிஜக் கரியில் ஓடுகிற நீராவி ரயில் எஞ்சின். மிஞ்சிய ஆவியை வெளியே விட அதன் கொதிகலன் உச்சியில் ஒரு வால்வு வேண்டியிருந்தது. அதைத் தானே தேர்ந்தெடுப்பேன் என்று எஞ்சின் அடம்பிடித்தது.

பளபளப்பான ரப்பர் வால்வு முந்திக்கொண்டது. "ஐயா, நீங்க எவ்வளவு கொதிச்சாலும் நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீ?" என்று வெண்கல வால்வைக் கேட்டது எஞ்சின்.

"அளவு தாண்டினா திறப்பேன். உங்களுக்குப் பிடிக்காட்டியும் திறப்பேன்."

எஞ்சினுக்கு ரப்பரைத்தான் பிடித்தது. ஆனால் எஞ்சினைச் செய்த எபனேசர் இரண்டையும் கொதிக்கிற ஆவியில் காட்டிப் பார்த்தார். ரப்பர் இளகி, வாய் ஒரேயடியாக ஒட்டிக்கொண்டது. அவர் வெண்கலத்தை எடுத்து முடுக்கினார்.

கண்காட்சியில் கூட்டத்தைப் பார்த்ததும் எஞ்சினுக்குத் தலைகால் புரியவில்லை. நெருப்பை மேலும் மேலும் மூட்டிக்கொண்டது. ஆவி கீழிருந்து முட்டியது. இத்தனை பேர் முன்னால் கத்த வெண்கல வால்வுக்கும் கூச்சம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. அளவு தாண்டியதும் வீறிட்டது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"மூடுடா வாயை! உன்னைக் கழற்றி எறியச் சொல்லிடுவேன்!" என்று எஞ்சின் சீறியது.

"தாராளமா சொல்லுங்க. ஆறின பிறகு சொல்லுங்க. இப்ப என்னைத் தொட்டா யார் கையும் வெந்துடும்," என்று சொல்லிவிட்டு வால்வு இன்னும் உரக்கக் கத்தியது.

அழுத்தம் இறங்கிய பிறகுதான் அது வாயை மூடியது. அதுவும் தானாகவே.